ஜானவிக்கு ஒரு பைஸ்டாண்டர்

திருவனந்தபுரம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தப் பெண்கள் இல்லத்தில் போன் தரமாட்டார்கள். கடிதம் எழுதலாம் என்று வார்டன் சுசீலாபாய் டீச்சர் தாள் கொடுத்தார். உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். தமிழில் எழுதி நாளாயிற்று, தப்பு இருந்தால் திட்டாதே. மலையாளத்தில் எழுதினால் உனக்கு எழுதுகிற மாதிரியே இல்லை.

எட்டாம் மாதம் தொடங்கிவிட்டதாம். ரத்தம் குறைவு, பிரஷர் கூடுதல். காலில் செருப்பு நுழையவில்லை. பதினாறு வயதில் உடம்பு இதற்குத் தயாராகியிருக்காது, சொன்னபடி கேட்டு நட என்கிறார் டாக்டர். தமிழச்சி என்பதால் எனக்குச் சாம்பார் என்று பேர் வைத்திருக்கும் பக்கத்துக் கட்டில் ஷிஜி, "எடீ சாம்பாரே, நினக்கு உப்பு ஆகாது" என்று என் பங்கு ஊறுகாயைத் தினமும் அவளே தின்றுவிடுகிறாள்.

அந்தக் கிளினிக்கில் என் வயதைப் பத்தொன்பது என்று நீ எழுதியது, அது பொய் என்று தெரிந்து போலீஸ் வந்தது, வீட்டுக்குப் போகமாட்டேன் என்று குழந்தைகள் நலக் கமிட்டியில் நான் சொன்னது, எல்லாம் இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரசவத்துக்கு அட்மிட் ஆனால் கூட ஒரு பைஸ்டாண்டர் வேண்டும். மருந்து வாங்க, துணி மாற்ற, லேபர் ரூம் வாசலில் காத்திருக்க. எல்லோருக்கும் அம்மாதான் வருவாளாம். நீ வருவாயா?

உன் ஜானவி

*

வலியசாலை
9 ஆகஸ்ட் 2024

அன்பு ஜானுக்குட்டிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் வைத்து மூன்று தடவை படித்தேன். நாலு தப்புதான். திருத்த மனசு வரவில்லை.

உன் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். நீ கோயம்புத்தூரில் சித்தி வீட்டில் தங்கிப் படிப்பதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு லலிதாம்பாள் மாமி விடுவாளா? "ஏண்டி சியாமளா, ஓணத்துக்காவது பொண்ணு வருவாளோன்னோ? ஊர்லே இல்லாத ஸ்கூலா அங்கே?" என்று தினமும் ஒரு கேள்வி.

தொளதொளவென்று இரண்டு நைட்டி வைத்திருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. நான் கட்டாயம் வருகிறேன். ஆனால் பைஸ்டாண்டர் பாஸில் என் பெயர் வேண்டாம், சுசீலாபாய் பெயரே இருக்கட்டும். நான் பக்கத்தில் இருப்பேன். உனக்குப் புரியும்.

அம்மா

*

ஆஸ்பத்திரி
23 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றே அட்மிட் பண்ணிவிட்டார்கள். பிரஷர் நூற்று அறுபது. தலை வெடிக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது. மாதம் முடியக் காத்திருக்க முடியாதாம். திங்கட்கிழமை ஆபரேஷன். கமிட்டியில் அனுமதி வாங்கியாயிற்று, நீ எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உள்ளே கொண்டுபோன பிறகு நர்ஸ் கதவைத் திறந்து, நம் பெயரைச் சொல்லிக் கூட யார் என்று கேட்பாளாம். யாராவது எழுந்து நின்றால், அம்மா வந்திருக்கிறாள் என்று உள்ளே வந்து சொல்வாளாம். ஷிஜி சொன்னாள். அது எனக்குக் கேட்டால் போதும். செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது அம்மா.

ஜானவி

*

வலியசாலை
29 ஆகஸ்ட் 2024

அன்பு ஜானுவுக்கு,

திங்கட்கிழமை நான் வந்தேன்.

காலை ஏழு மணியிலிருந்து லேபர் ரூம் வாசலில்தான் இருந்தேன். ஒன்பதரைக்கு லலிதாம்பாள் மாமி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மாட்டுப்பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாம். "நீ எங்கேடி இங்கே?" என்றாள். ஆபீஸில் ஒருத்திக்குப் பிரசவம் என்றேன்.

அப்போது கதவு திறந்தது. "ஜானவியுடெ கூடெ ஆரா?" என்றாள் நர்ஸ். சுசீலாபாய் ரத்தம் வாங்கக் கீழே போயிருந்தார். "அட, நம்ம ஜானவி பேரு" என்று மாமி சிரித்தாள். நானும் சிரித்தேன். நர்ஸ் இன்னொரு தடவை கூப்பிட்டாள். என் கை நாற்காலியை விடவில்லை. "ஆரும் இல்லா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். "எந்த ஊர்ப் பொண்ணோ பாவம், நாதியில்லாம வந்திருக்கு" என்றாள் மாமி.

வர முடியவில்லை என்று எழுதியிருக்கலாம், நீ நம்பியிருப்பாய். உன் வயதைப் பற்றி ஒரு பொய் எழுதித்தான் உன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். இன்னொன்றை உனக்கே எழுத முடியவில்லை. படித்தவள், சம்பாதிக்கிறவள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்க ஒரு நொடி போதும், அந்த ஒரு நொடி என்னிடம் இல்லை.

நேற்று மாமி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் உன்னை அழைத்து வருவேன் என்று. குழந்தையோடு வா. இனி யாரிடமும் ஒளிக்கமாட்டேன். ஏழாம் தேதி சனிக்கிழமை இல்லத்துக்கு வந்து காத்திருக்கிறேன்.

அம்மா

*

ஆஸ்பத்திரி
4 செப்டம்பர் 2024

அம்மா,

பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூறு. இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான். மூன்று மணிக்கொருமுறை பால் பிழிந்து கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எனக்குப் பிரஷர் இறங்கவில்லை, மாத்திரை இருக்கிறது.

அந்த நர்ஸ் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா விட்டிருக்கமாட்டார், பஸ் கிடைத்திருக்காது, வழியில் இருப்பாய் என்று உனக்காக நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் மேஜையில் படுத்திருந்தேன். நீ வரவேயில்லை என்று நினைத்திருந்தபோது இவ்வளவு வலிக்கவில்லை.

எங்கே போக விருப்பம் என்று கமிட்டியிலிருந்து வந்து கேட்டார்கள். குழந்தையோடு இல்லத்திலேயே இருந்து பரீட்சை எழுதுகிறேன் என்றேன். பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் அம்மா பெயரை எழுதட்டுமா என்று டீச்சர் இரண்டு தடவை கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை வராதே. உனக்கு அலைச்சல்தான்.

ஜானவி