காற்றுக்குப் பயந்தவன் போட்ட கூரை

அன்புள்ள சாந்தி அக்காவுக்கு,

ரொறொன்ரோவில் நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் காணாத உங்கள் மருமகளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. "அப்பா, வின்ட் அடிச்சா ஏன் டோருக்குப் பக்கத்தில போய் நிக்கிறீங்கள்?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல?

மட்டக்களப்பில் அந்தப் புயலன்று நடந்ததை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கூரை மரம் முறியும் சத்தம் கேட்டதும், "நீ ஓடு, நான் வாறன்" என்று என்னை வெளியே தள்ளினீர்கள். ஓடினேன். வீடு உங்கள்மேல் விழுந்தது. நீங்கள் வரவேயில்லை. திரும்பி வந்து உங்களை இழுத்திருக்கலாமோ, அக்கா?

இந்த வசந்தத்தில், இங்கிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், சுழல்காற்று பண்ணை வீடுகளைப் பிய்த்துப் போட்டது. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் யோகன், தன் கோயில் ஆட்களோடு வீடு திருத்தப் போனான். எனக்குத் தச்சுவேலை தெரியும் என்பதால் என்னையும் கூப்பிட்டான். மறுக்க வெட்கமாக இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது மார்கிரட் என்ற வயதான பெண்ணின் வீடு. கூரையே இல்லை. ஏணியின் நாலாம் படிக்குமேல் என்னால் ஏற முடியவில்லை.

"அண்ணை, நீங்கள் ஏறவேண்டாம். கீழ நிண்டு பலகையை எடுத்துத் தாங்கோ," என்றான் யோகன். காரணம் கேட்கவில்லை. மூன்று சனிக்கிழமை கீழே நின்றேன். நாலாவது சனிக்கிழமை ஏறி, கீழே தரையைப் பார்க்காமல் ஆணி அடித்தேன்.

கூரை முடிந்த அன்று மத்தியானமே வானம் கறுத்தது. வீட்டைப் பார்க்க வந்த மார்கிரட் காரைவிட்டு இறங்க மறுத்தார். "இதற்குக் கீழே நீங்கள் இருப்பீர்களா?" என்று என்னிடம் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கும் பயம்தான். முதலில் நான் போய் உள்ளே இருக்கிறேன். பிறகு வாருங்கள்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெறுந்தரையில் போய் இருந்தேன். காற்று கூரையை உலுப்பியது. மரம் முனகியது. ஓடு, ஓடு என்று முழு உடம்பும் சொன்னது. அப்போதுதான் மார்கிரட் உள்ளே வந்து, பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்தார். மழை விடும்வரை இருவரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். கூரை அப்படியே நின்றது.

பயம் போகவில்லை, அக்கா. இதை எழுதும்போதும் வெளியே காற்றடிக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் வருகிற சனிக்கிழமை அடுத்த வீட்டுக்குப் போவேன். அங்கே யாராவது உள்ளே இருக்கப் பயந்தால், அவர்கள் எழும்பும்வரை நானும் எழும்பமாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்களுக்குப் பின்னால் பிறந்த,
தம்பி ரவி