ஹேசல் அக்காவுக்கு வெள்ளை பூசியவர்கள்

என் உயிரான ஹேசல் அக்காவுக்கு,

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை, இந்த வளைகுடா ஊரின் ரோலா பகுதியில், நம் தமிழ்ச் சங்கம் உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடத்தியது. தலைமை, சங்கத் தலைவர் சந்தானம் ஐயா. அவரேதான் அக்கா. எட்டு மாதத்துக்கு முன்னால் வீடு வீடாக ஏறி, "அந்தக் காப்பிரிப் பொம்பள வீட்டுக்குப் பொண்ணுங்கள அனுப்பாதீங்க, அப்புறம் ஊர்ல மாப்பிள்ளை கிடைக்காது" என்று சொன்ன அதே மனிதர்.

கணவரின் எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண் நீங்கள். உங்களுக்கு ஏன் எங்கள் வம்பு? பள்ளிப் படிப்பு முடிந்து, கல்யாணத்துக்காக வீட்டில் குந்தியிருந்த எங்கள் கட்டடத்துப் பெண்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் டைப்ரைட்டிங்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தீர்கள். என் முதல் இன்டர்வியூ அன்று அம்மா அப்பிவிட்ட பவுடரைக் கழுவிவிட்டு வரச் சொன்னீர்கள். கறுப்பு என்று எவனாவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்த வேலையைப் பார் என்றீர்கள். கழுவிய முகத்தோடு போய்த்தான் கப்பல் ஏஜென்சியில் வேலை வாங்கினேன்.

தலைவர் வந்து சொல்லிவிட்டுப் போனதும் அப்பா என்னை உங்களிடம் அனுப்பவில்லை. நானும் சண்டை போடவில்லை. ரம்ஜான் சமயத்தில் ஒருநாள் ரொட்டிக் கடை வாசலில் என்னைப் பார்த்துக் கை அசைத்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? அப்பா பக்கத்தில் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போன மாதம் உங்கள் நெஞ்சு நின்றுபோய், உங்கள் ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று ஆபீசில்தான் கேள்விப்பட்டேன்.

தலைவருக்குத் திடீரென்று உங்கள்மேல் எப்படிப் பாசம் வந்தது என்கிறீர்களா? உங்கள் கணவரின் கம்பெனிக்கு ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டுக்கு அவர் அலைந்துகொண்டிருக்கிறார். கூட்டத்துக்குக் கம்பெனி அதிகாரிகளையும் அழைத்திருந்தார்.

என்னிடமிருந்த உங்கள் படத்தைச் சங்கத்தார் வாங்கி, பெரிதாக்க ஸ்டூடியோவில் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை டியூட்டி முடிந்து நான்தான் வாங்கப் போனேன். உறையைப் பிரித்தால், சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரு பெண் சிரிக்கிறாள். கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், பெருமையோடு சொன்னார்: "தலைவர் சார்தான் கலர் ஏத்தச் சொன்னது. ஊருக்கு அனுப்பின உங்க போட்டோவுக்குச் செஞ்ச அதே டச்சிங்தானே."

அவரைக் குறை சொல்லி என்ன? மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் எல்லாப் பெண்களின் படத்தையும் அவர் அப்படித்தான் வெளுக்கிறார், நாம்தான் கேட்கிறோம். டச்சிங் இல்லாமல் இன்னொன்று போடச் சொல்லி, கூடவே இருந்து வாங்கி வந்தேன்.

கூட்டத்தில் வெள்ளைப் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டார்கள். தலைவர் உங்களை நம் குடும்பத்தில் ஒருத்தி என்றார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்துபோய் உங்கள் நிஜப் படத்தை அதன் பக்கத்தில் சாய்த்துவைத்தேன்.

"தலைவரே, இதுல எந்த அம்மா வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அதையே நீங்கள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் அதிகாரிகளுக்கும் சொன்னேன், அவர் உங்களை அழைத்த அந்த வார்த்தையோடு சேர்த்து. இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தலைவர் படியிறங்கி அவர்கள் பின்னாலேயே ஓடினார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டினால் திட்டுங்கள் என்றுதான் இருந்தது.

இப்போது கமிட்டி என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறது. இந்த வெள்ளிக்குள் கொடுக்காவிட்டால் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்களாம். "எழுதிக் குடுத்துடும்மா, நாளைக்கு உன் கல்யாணத்துக்கு இவங்கதானே வரணும்" என்று அப்பா கெஞ்சுகிறார். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

அந்தக் கடிதம்தான் இது. கார்பன் வைத்து எழுதுகிறேன். ஒரு பிரதி சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்கு, மற்றவை கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு.

நான் மன்னிப்புக் கேட்கவேண்டியது உண்மைதான், உங்களிடம். அன்று ரொட்டிக் கடை வாசலில் முகத்தைத் திருப்பியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா. ஆனால் திருப்பவைத்தவரை நான் மன்னிக்கமாட்டேன். நீங்கள் மன்னிக்கச் சொன்னாலும் மாட்டேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன். கூட்டம் கலைந்தபோது ஒரு பெண் என் கையைப் பிடித்து, எனக்கும் டைப்ரைட்டிங் சொல்லித் தருவீங்களா என்று காதோடு கேட்டாள். கமிட்டியில் இருப்பவர் ஒருவரின் மகள். ஆரம்பித்துவிட்டோம். அவள் வேலைக்குப் போகும்வரை விடமாட்டேன். எங்கே படிக்கிறாள், யார் மகள் என்று இங்கே எழுதமாட்டேன். இதைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள் கறுத்த தங்கை,
வசந்தி