லண்டன் மேடையில் அப்பாவின் ஜெபம்

தம்பிக்கு,

‘கர்த்தருக்குள் அன்பான’ என்று எழுத மனம் வரவில்லை.

உன் லண்டன் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஜாஸ்பர் மாமா நேற்று செல்போனில் கொண்டுவந்து காட்டினார். சாப்பிடும் முன் அப்பா செய்யும் ஜெபத்தை நடித்துக் காட்டுகிறாய். அதே மூடிய கண், அதே நடுங்கும் கை, குழம்பு ஆறிப்போனாலும் முடியாத அதே ஸ்தோத்திரம். கூட்டம் சிரித்த சிரிப்பில் நீ பேசுவதே கேட்கவில்லை.

அப்பாவுக்குத்தான் காது போய்விட்டதே. அவர் திரையில் உன்னை மட்டும் பார்த்தார்.

"ஏட்டி, தம்பி டிவியிலேயே ஜெபம் பண்ணுதான் பாரு!" என்றவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, ஆமென் சொன்னார்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைச் சபையின் பெரிய திரையில் போடும்படி போதகரிடம் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் தெரியாத சபையா நம்முடையது? பாதிப் பேர் வாத்தியார்கள்.

அதற்குள் வீடியோ காலில் வந்து, அது என்ன ஜெபம் என்று நீயே அவருக்குச் சைகையில் சொல். நடித்துக் காட்டுவதில்தான் கெட்டிக்காரனாயிற்றே. அப்பா சிரிக்கிறாரா என்று பார்ப்போம்.

உன் மேடையில் இன்னும் நீ நடித்துக் காட்டாத,
உன் அக்கா