வெய்னோ கொடுத்த துப்பாக்கி

என் அன்புக்குரியவனே,

நீ போயிருக்கும் வேட்டைக் குடிசையில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் துப்பாக்கிகளை வாங்கி வைக்கச் சொல்லி போன மாதம் நீதிபதியிடம் நான் மனுக் கொடுத்ததிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. காவல் அதிகாரி ஷெரிப்பின் ஆட்கள் உன் ஆறு துப்பாக்கிகளையும் எடுத்துப் போனபோது, "என்னைத் திருடனாட்டம் ஆக்கிட்டியே" என்றாய். "இனி இருந்து என்ன ஆகப்போகுது" என்று கொட்டகையில் நீ முனகியதை நான் வேறு யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்?

இன்று இந்த வருட மான் வேட்டைக் காலத்தின் முதல் நாள். மதியம் பக்கத்துப் பண்ணை வெய்னோ உன் நாயோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"முதல் நாளன்னைக்கு ஒரு மனுசன் வெறுங்கையோட உக்காரலாமாம்மா? கோர்ட்டுக்கு என்ன தெரியும்? காலையில என்னோட துப்பாக்கில ஒண்ணைக் குடுத்தேன். அப்படியே கட்டிப்பிடிச்சுக்கிட்டான்! இனி நீயே வச்சுக்கன்னு நாயைக்கூடக் குடுத்துட்டான்."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. இந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் ஷெரிப் அலுவலகத்தை அழைத்து, கொட்டகையில் நீ முனகியதைச் சொன்னதும்தான் அவருக்குப் புரிந்தது. தொப்பியைக்கூட எடுக்காமல் வண்டிக்கு ஓடினார். காட்டுப்பாதையில் பனி கொட்டிக் கிடக்கிறதாம்.

சாலையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாய் எழுந்து கதவருகே போகிறது. நானும் போகிறேன்.

வந்து என்னைத் திட்டு. ஊர் முழுக்கக் கேட்கும்படி திட்டு.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்தவள்