மஞ்சள் பட்ட நான்கு கார்டுகள்

லாத்தா, இன்று மத்தியானம் புது உறைப் பாக்கெட் ஒன்றைப் பிரித்தேன். விளையாட்டுக் கார்டுகளுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. பிரித்ததும் ஒரு வாசம் வருமே, புதுப் பள்ளிப்பையைத் திறந்த மாதிரி, அது சம்பால் வாசத்தையும் தாண்டி மூக்கில் ஏறியது. மணி மூன்று. மதியக் கூட்டம் போய், சாயங்காலக் கூட்டம் வராத நேரம். நம்முடைய நேரம். அறுபது கார்டையும் ஒவ்வொன்றாகப் பழைய உறையிலிருந்து உருவிப் புதியதில் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி கலக்கும் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, தனியா சிரிக்கிற?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே, ஒரு கேஸ் ஞாபகம் வந்துச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

பெஸ்தாரி ஜெயாவில் இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டிருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது ஒரு காரணம். வகுப்பில் எழுந்து நின்று வாய் திறக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் உங்களை லாத்தா என்று கூப்பிட்டதால் அதுதான் உங்கள் பெயர் என்று ஒரு மாதம் நினைத்திருந்தேன். அக்காவை உங்கள் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் அழைப்பார்கள் என்று யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு வாய் வரவில்லை. சமையல்கட்டில் நீங்கள் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருப்பீர்கள், நான் ஒரு பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டே இருப்பேன். "ஊமக்கோட்டான், ஒரு நாளைக்கு ஒரு வார்த்தையாவது பேசு. இல்லன்னா உன் சம்பளத்தையும் சைகையிலதான் தருவாங்க" என்பீர்கள்.

அந்தச் சப்பாத்துப் பெட்டியை ஐந்தாம் மேசைக்கு அடியில் கண்டெடுத்தது நான்தான். திறந்தால் நிறையக் கார்டுகள். பறக்கும் பூதம், எரிகிற மலை, வாள் பிடித்த பெண். ஏர்கான் பொருத்தும் மலாய்க்காரத் தம்பி ஒருவர் விட்டுப்போனது. மூன்று வாரம் கழித்து அவர் சாப்பிட வந்தபோது பெட்டியை நீட்டினீர்கள். அவர் சிரித்துவிட்டு, "அம்பில் லா, காக்" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, எல்லாம் சாதா கார்டு, பாக்கெட்டுக்குப் பாக்கெட் வருவது, யாரும் மதிக்கமாட்டார்கள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ரவாங்கில் ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி நடக்கிறதாம். அதில் இந்தச் சாதா கார்டுகளை மட்டும்தான் வைத்து ஆடலாமாம். எவ்வளவு அபூர்வமான கார்டு இருந்தாலும் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். "கேட்டியா புள்ள! பெரிய கார்டுக்கு உள்ள எடமே கெடையாதாம். நமக்குன்னே வெச்ச போட்டி லா இது!"

நமக்கு ஒன்றுமே தெரியாது என்பது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எனக்கு வாசிக்க வரும், அர்த்தம் பாதிதான் தெரியும். கைப்பேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி விதிகளைப் படித்தேன். செத்த கார்டு மறுபடி எழுந்து வரும் என்று எங்கோ தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரே ஆட்டத்தை மூன்று நாள் ஆடினோமே! மூன்றாம் நாள் நீங்கள், "இது என்னடி, எங்க மாமியார் கத மாதிரி முடியவே மாட்டேங்குது" என்றதும்தான் விதியை இன்னொரு முறை படித்தேன்.

ஒவ்வொருவருக்கும் இருபது உயிர். அதைக் கணக்கு வைக்க நாசி லெமாக் சோற்றுக்கு வறுத்த கடலையை இருபது இருபதாக வைத்துக்கொண்டோம். யோசிக்கும்போது உங்கள் கை தானாகக் கடலைக்குப் போகும். "லாத்தா, நான் இன்னும் அடிக்கவே இல்ல, உங்களுக்கு ஒம்பதுதான் இருக்கு" என்று முதன்முதலாக நானாகப் பேசியது அப்போதுதான். நீங்கள் மென்றுகொண்டே, "பொய் சொல்லாத, நீதான் அடிச்ச" என்றீர்கள்.

பெட்டியிலிருந்து ஆளுக்கு அறுபது கார்டாக இரண்டு கட்டு பிரித்தோம். உங்களுக்கு அடிக்கிற கட்டு. பல்லை நீட்டிக்கொண்டு ஓடிவரும் சின்னச் சிவப்புப் பிசாசு அதில் நான்கு இருந்தது. பெயர் வாசிக்க முடியாததால் அதற்குப் 'பல்லுநீட்டி' என்று பெயர் வைத்தீர்கள். கைக்கு வந்ததும் அதன் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மேசையில் இறக்குவீர்கள். எனக்குப் பிடித்தது வேறு. எதிராளி ஒரு கார்டைப் போட்டதும், அது நடக்காமல் தடுக்கிற கார்டு. அதுவும் நான்கு. முதல் தடவை அதைப் போட்டபோது நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"வாயே தொறக்காத புள்ளைக்கு, முடியாதுன்னு சொல்ற கார்டுதான் புடிக்குதா? உள்ளுக்குள்ள எல்லாரையும் அதட்டுற பெரிய மண்டோர் லா நீ!"

நான் அதைச் சொல்லாமல் மேசையில் வைப்பேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். வெடுக்கென்று பிடுங்கி, "இதுல என்ன எழுதிருக்கு? படி!" என்பீர்கள். படிப்பேன். மறுநாளும் அதே கார்டு, அதே பிடுங்கல், அதே "படி!". வகுப்பில் வராத குரல் அந்த எவர்சில்வர் மேசைக்கு முன்னால் எப்படியோ வந்துவிட்டது. ஆனால் உங்களிடம் மட்டும்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. போட்டிக்கு முதல்நாள் கட்டுகளுக்குப் பளிச்சென்று இருக்கிறது என்று வெள்ளை முதுகு உறைகளாகப் பார்த்து வாங்கி, ஒரு கடைசி ஒத்திகையும் பார்த்தோம். அது மறுநாள் சாயங்காலக் கோழிக்கு நீங்கள் மஞ்சள் தடவி முடித்த கை. இரண்டு தடவை சோப்புப் போட்டீர்கள், நான் பார்த்தேன். நம் சமையல்கட்டில் மஞ்சள் படாத பொருள்தான் எது? சுவர், துணி, தராசு, நம் நகம். அதனால்தான் நம் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

பத்து ஆராங் ஊர்ப் பாதையில் செம்பனை லோரிக்குப் பின்னால் உங்கள் மோட்டாரில் போனோம். காற்றில் உங்கள் துடோங் முக்காடு என் முகத்தில் அடிக்க, "மொத ஆளு எனக்கு, ரெண்டாவது ஆளும் எனக்கு" என்று கத்திக்கொண்டே ஓட்டினீர்கள். கடை மாடியில் இருந்தது. இருபது பேர் இருக்கும், எல்லாரும் இளைஞர்கள். நம்மைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து மரியாதையாக, "யாரைத் தேடுறீங்க, காக்?" என்று மலாயில் கேட்டான்.

"உன்னத்தான் தம்பி" என்று நீங்களும் மலாயில் சொன்னீர்கள். "தோக்கடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

அறையே சிரித்தது. நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

முதல் இரண்டு சுற்றையும் நீங்கள் ஜெயித்தீர்கள். நான் முதல் சுற்றில் தோற்றேன். என் தடுக்கும் கார்டைச் சத்தமில்லாமல் வைத்தேன், எதிராளி கவனிக்காமல் மேலே ஆடிக்கொண்டே போனான். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்டைத் திருப்பிக் கையில் எடுத்துக்கொண்டேன். தோற்றவர்களும் தொடர்ந்து ஆடலாம், இரண்டாவது சுற்றை எப்படியோ ஜெயித்தேன்.

மூன்றாவது சுற்றில் பக்கத்துப் பக்கத்து மேசை. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் சுற்று நமக்கு. இரண்டு பேருமே முதல் ஆட்டத்தை ஜெயித்து இரண்டாவதில் இருந்தோம். அப்போதுதான் உங்களோடு ஆடிய கண்ணாடிக்கார இளைஞன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். குட்டையாக முடி வெட்டிய சீனப் பெண் நடுவர். அவன் உங்கள் கட்டை விசிறி மாதிரி விரித்தான். வெள்ளை முதுகுகளுக்கு நடுவே நான்கில் மட்டும் ஓரத்தில் மஞ்சள். நடுவர் அந்த நான்கையும் உருவித் திருப்பினார்.

நான்கும் பல்லுநீட்டி.

அடுத்து வரப்போவது எந்தக் கார்டு என்று முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் இல்லையா. அதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு. பின்னால் யாரோ அதை மெதுவாகச் சொன்னார்கள்: "மெயின் திப்பு." ஏமாற்று ஆட்டம்.

நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். மார்க்கெட்டில் மீன்காரரையே அழவைத்த வாய் அது. ஆனால் உங்கள் முகம் வெளுத்துவிட்டது. கார்டுகளைக் கூட்டி அள்ளத் தொடங்கினீர்கள். "வா புள்ள, போலாம். நமக்கு எதுக்கு இது" என்று தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி. அப்படி இறங்கிப் போனால் நீங்கள் அந்தப் படியில் மறுபடி ஏறமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சமையல்கட்டில்கூட அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டீர்கள்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. முழங்கால் மேசையில் இடித்து என் கார்டுகள் சரிந்தன.

"அவங்க ஏமாத்தல" என்றேன். மலாய்தான், ஆனால் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அவங்க சமையல்காரங்க. கோழிக்கு மஞ்சள் தடவுற கை. பிடிச்ச கார்டைத்தான் அதிகம் தொடுவாங்க, அதான் அதுல மட்டும் கறை. நம்பலன்னா இதப் பாருங்க." என் கட்டிலிருந்து தடுக்கும் கார்டுகள் நான்கையும் எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். நான்கிலும் அதே மஞ்சள், அதே பெருவிரல். "இதுவும் அவங்க கைதான். நான் இதைப் போட்டா கோவத்துல பிடுங்கிப் படிக்கச் சொல்வாங்க. தினமும். நேத்தும். அவங்க ஏமாத்துறாங்கன்னா நானும்தான் ஏமாத்துறேன்."

நடுவர் ஒரு கார்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனார். "காரி?" என்றார். கறி மசாலாவா என்று.

"ஆயாம் கோரெங்" என்றீர்கள் நீங்கள், சின்னக் குரலில். பொரித்த கோழி.

முதலில் சிரித்தது அந்தக் கண்ணாடிக்காரன்தான். பிறகு எல்லாரும். நடுவரும் சிரித்தார், ஆனாலும் நடுவர் நடுவர்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறேன், ஆனால் குறி குறிதான், இந்த ஆட்டம் உங்களுக்குத் தோல்வி என்றார். என் பக்கம் திரும்பி, "உனக்கும். நீ காட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரியும்" என்றேன்.

கடைக்காரர் கறுப்பு உறை இரண்டு பாக்கெட் கொடுத்தார். கண்ணாடிக்காரன் உட்கார்ந்து உங்கள் கார்டுகளுக்கு உறை மாற்ற உதவினான். மூன்றாவது ஆட்டத்தில் அவனை நீங்கள் நான்கே முறையில் முடித்து, கையைக் குலுக்கி, "கடைக்கு வா, கோழி தர்றேன்" என்றீர்கள். நான் தோற்றேன். அடுத்த சுற்றில் இரண்டு பேரும் தோற்றோம். அதைப் பற்றி யாருக்குக் கவலை!

கீழே மோட்டாருக்கு வந்த பிறகுதான் கேட்டீர்கள். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். "ஏன் புள்ள உன்னோடதையும் காட்டுன? நீ ஜெயிச்சிருப்பியே."

"நீங்க போயிட்டா அப்புறம் நான் யாரோட விளையாடுறது?"

நீங்கள் தலைக்கவசத்தை எனக்கு மாட்டிவிட்டு, வார் இறுக்குகிற சாக்கில் இரண்டு கன்னத்தையும் நசுக்கினீர்கள். பத்து ஆராங் தாண்டினோம். பிறகு திடீரென்று, "யா அல்லா, கோட்டான் வாயத் தொறந்தா கோர்ட்டே கவுந்துருது!" என்று கத்தினீர்கள். அங்கிருந்து வீடு வரைக்கும் சிரிப்புதான்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், மாதத்தில் இரண்டு ஞாயிறு. அந்தக் கடையில் உங்களுக்கென்று ஒரு நாற்காலியே ஆகிவிட்டது. கண்ணாடிக்காரன் இரண்டு தடவை கோழிக்கு வந்தான்.

டெங்கி காய்ச்சல் உங்களை ஆறு நாளில் கொண்டுபோனது. அதைப் பற்றி இதில் அதிகம் எழுதமாட்டேன். எழுதினால், "போதும் லா, ஆட்டத்தப் பேசு" என்பீர்கள். நாற்பது நாள் ஆனதும் உங்கள் மகள் கடைக்கு வந்து கட்டைக் கொடுத்தார். "உம்மா இதை வேற யாருக்குத் தரப்போறாங்க" என்றார். நான் வாங்கி அரிசி டின்னுக்கு மேல் வைத்தேன். பல வாரம் தொடவில்லை. அன்று மோட்டார் பக்கத்தில் கேட்டது சும்மா வாயில் வந்த கேள்வி, லாத்தா. அது இப்படி நிஜமான கேள்வியாகத் திரும்பி வரும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது எனக்குப் பத்தொன்பது. ஒரு ஞாயிறு என் கட்டோடு போகிறேன், ஒரு ஞாயிறு உங்கள் கட்டோடு. உங்கள் கட்டை எடுத்தால் யோசிக்கவே முடிவதில்லை, கை முன்னால் போகிறது. பாதி நாள் தோற்கிறேன். ஆனால் தோற்கிறபோதும் அந்தக் கட்டில் ஒரு குஷி இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு சீக்கிரமே போய்விட்டேன். போட்டி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம். ஆங்காங்கே ஆட்கள் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு புது முகம், அதில் ஒன்று பெண். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. நடு மேசையில் உட்கார்ந்து உங்கள் கட்டை வைத்தேன்.

"சியாபா மாவ் மெயின்?" என்று கேட்டேன். யார் ஆட வருகிறீர்கள் என்று, அறைக்கே கேட்கும்படி.

மூன்று பேர் எழுந்து வந்தார்கள். நான் கார்டுகளைக் கலைக்க ஆரம்பித்தேன்.