ஓரடிக்கு ஓரங்குலம்

22 ஜூன் 1936, திங்கள்

சக்கரங்கள் முடிந்தன. மரத்தைக் கடைந்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மேலே மாட்டினேன். ஓரடிக்கு ஓரங்குலம் கணக்கு. நிஜ டயர் முப்பத்துமூன்று அங்குலம்; என்னுடையது இரண்டே முக்கால். நூலிழை பிசகவில்லை.

பஸ் முதலாளி ஆவுடையப்பன் இனி பாடி கட்ட மதுரைக்குப் போவதில்லையாம். தென்காசியிலேயே பட்டறை. மாதிரி பஸ்ஸை நன்றாகச் செய்து காட்டுகிறவன் தலைமை மேஸ்திரி. ஜூலை 12, குற்றாலம் பங்களாவில் தீர்ப்பு. போட்டியில் இரண்டு பேர்: மெட்ராஸில் இரண்டு வருடம் தொழிற்படிப்பு படித்த நான், லாந்தருக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்த பரீது. இதற்கு ஒரு போட்டி!

25 ஜூன்

ஜன்னலுக்குப் பழைய போட்டோ பிலிம். வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் கறுப்பு போய்க் கண்ணாடியாகிவிடும். ஓரத்தில் பசை துளிகூட வழியக்கூடாது. வழிந்தால் பிலிம் மங்கும்.

பரீதின் மாதிரியைப் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முழுக்கத் தகரம். கூரை ஒரே தகடு, ஒட்டே இல்லை.

"அளவு எங்கவே எழுதி வச்சிருக்கீரு?" என்றேன்.

"கண்ணுல இருக்கு அண்ணாச்சி."

பக்கத்தில் நின்ற டிரைவர் செல்லப்பா அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. "ஏலே தாணு, ஒன் வண்டி அளந்து வச்ச மாதிரி இருக்கு. இவன் வண்டி இப்பத்தான் ஆலங்குளத்துல இருந்து வந்து நின்ன மாதிரி இருக்கு."

இவருக்கு என்ன தெரியும்? ஹார்ன் அடிக்கத் தெரியும்.

28 ஜூன்

அவன் வண்டியின் மூக்கு என்னுடையதைவிட அழகு. எழுதியாகிவிட்டது. போதும்.

2 ஜூலை

அட்டைப் பலகைகளை மரச்சட்டத்தில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டியாயிற்று. இடுக்குகளை அடைக்க மக்குப் பூச்சு. காய ஒருநாள், உப்புத்தாளில் தேய்க்க ஒருநாள், மறுபடி மக்கு, மறுபடி ஒருநாள். விரலால் தடவக்கூடாது, உள்ளங்கையால் தடவ வேண்டும். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும். எனக்குத்தான் காத்திருக்கத் தெரியவில்லை. அவனும் காத்திருக்கிறானா? சிரித்துக்கொண்டே காத்திருக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

6 ஜூலை

காலையிலிருந்து சாரல். முதலாளி ஆளுக்கொரு டப்பா பச்சை செல்லுலோஸ் பெயிண்ட் கொடுத்தனுப்பியிருந்தார். பரீது டப்பாவும் கொசுமருந்துப் பம்புமாக வந்தான். பம்பில் அடித்தால் தூரிகைக் கோடு விழாது. அதுவும் என்னைப் பார்த்துக் கற்றதுதான்.

"ஈரமா இருக்கே அண்ணாச்சி, இன்னைக்கு அடிக்கலாமா?"

"சாரல்ல தூசி பறக்காதுவே. பெயிண்டுக்கு இதைவிட நல்ல நாள் ஏது?" என்றேன்.

தூசி பறக்காது என்பது உண்மை. மீதி உண்மையைச் சொல்லவில்லை. இந்தப் பெயிண்டிலுள்ள தின்னர் சட்டென்று ஆவியாகும், பூச்சு சில்லிட்டுப்போகும், காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வெளுக்கும். இதற்கென்றே மெட்ராஸில் எங்களுக்கு ஒரு பாடம் நடந்தது.

7 ஜூலை

வெளுத்துவிட்டது. பச்சைமேல் பால் தெளித்ததுபோல.

அவன் டப்பா காலி. என் டப்பா மூடியே திறக்கவில்லை.

"என் கைதான் சரியில்ல. அண்ணாச்சி சரியாத்தான் சொன்னாவ" என்று செல்லப்பாவிடம் சொல்லுகிறான், என் காதுபடவே! திட்டித் தொலைக்கக்கூடாதா? ரெண்டு வார்த்தை கெட்டதா சொன்னா எனக்கும் சோறு எறங்கும்ல?

10 ஜூலை

மூன்று நாளாக நல்ல வெயில். டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, மெலிதாக மூன்று கை அடித்தேன். நடுவில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. முகம் தெரிகிறது. பாதி டப்பா மிச்சம். கேட்டால் கொடுத்திருப்பேனா? அவன் கேட்கவில்லை.

12 ஜூலை, ஞாயிறு, குற்றாலம்

முதலாளி என் பஸ்ஸைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடியால்ல இருக்கு!" பரீதினுடையதைப் பார்த்து, "இது என்னடே, வெள்ளை பூத்துக் கெடக்கு?" என்றார். பரீது வெளுத்த இடத்தை விரலால் தேய்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது முதலாளியம்மா அகிலாண்டேஸ்வரி வெளியே வந்தார். "பளபளப்பு கெடக்கட்டும். போன ஆடியில நம்ம பஸ்ஸுக்குள்ளயே குடை பிடிச்சிட்டு உக்காந்து வந்தவ நான். சனம் பூராச் சிரிச்சுது. ரெண்டையும் முத்தத்துல வைங்க. சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்."

வெளியே சாரல். இலை போட்டார்கள். என்ன பரிமாறினார்கள் என்று தெரியாது. கண் முற்றத்திலேயே இருந்தது.

ரசம் வருவதற்குள் என் கூரை ஓரம் தூக்கியது. மோர் வந்தபோது, நனைந்த அப்பளம்போல நடுவில் தொங்கிவிட்டது. வஜ்ஜிரம் தண்ணீரில் இளகும். அதுவும் பாடத்தில் உண்டு.

பரீதின் பஸ்ஸுக்குள் முதலாளியம்மா விரலை விட்டுப் பார்த்தார். "உள்ள பொட்டு ஈரமில்ல."

முதலாளி ஒரே வார்த்தையில் முடித்தார்: "பெயிண்டை எவனும் அடிப்பான்."

14 ஜூலை

பரீது தலைமை மேஸ்திரி. எனக்குப் பிளான் போடும் வேலை. அவனுக்குக் கீழே. வேண்டாம் என்று சொல்லப் போனேன். சொல்லாமல் வந்தேன்.

19 ஜூலை

பட்டறையில் நாங்கள் இருவர் மட்டும். சொல்லிவிட்டேன். "அன்னைக்குப் பொய் சொன்னேன். வெளுக்கும்னு தெரியும்."

"எனக்கும் தெரியும் அண்ணாச்சி. மறுநாள்தான் ஒறச்சுது. நல்ல நாள்னு சொன்னீங்க, உங்க டப்பாவை நீங்க தொறக்கவே இல்லையே."

"பொறவு ஏன் வெளியே சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? நீங்க படிச்சவுக."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

11 ஆகஸ்ட், செவ்வாய்

எஞ்சினும் சக்கரமுமாக பஸ்ஸின் சேஸ் வந்துவிட்டது. மாதிரியில்லை, நிஜம். என் பிளான்படி சட்டம் நிற்கிறது; கூரைத் தகடு இன்று ஏறியது. மூலையில் அவன் மடக்கினால் சுருக்கம் விழுவதில்லை. நான் மடக்கினால் விழுகிறது. காலை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம், "எப்படிவே மடக்குதீரு?" என்று கேட்டுவிட்டேன்.

"இங்கன பிடிங்க" என்று மறுமுனையை என் கையில் கொடுத்தான்.

எரிச்சல் இன்னும் போகவில்லை. ஒரு மூலை முடிந்தது. மூன்று மிச்சம்.