என் இடது பக்கத்தில் கிடந்த கத்தரி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நம் கடை பட்டன் அக்காவை நான் திருடி என்று சொல்லிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை, கடையில் ஆட்கள் நிற்கும்போது, அவள் கைப்பையை மேசைமேல் கொட்ட வைத்து. அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. தப்பில் பாதி என்னுடையது, பாதி என் கண்ணுடையது, அந்தக் கண்ணின் பாதிக்கும் நானேதான் பொறுப்பு. நலம் விசாரிப்பதுதான் முதலில் வரவேண்டும், ஆனால் அதில் ஆரம்பித்தால் நைசாக வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால் கெட்டதை முன்னால் வைத்தேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, அங்கே குளிர் விட்டதா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே அப்பாவுக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே தினமும் இரண்டு தெரு சுற்றிவிட்டு வருகிறார். கடை நன்றாகப் போகிறது. நான்தான் நன்றாக இல்லை.

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ போனில் கேட்பாயே, சொட்டு மருந்து போட்டியாம்மா என்று, நானும் போட்டாச்சு போட்டாச்சு என்பேனே, அதில் முக்கால்வாசி பொய். கண்ணில் அழுத்தம் அதிகம், நரம்பைத் தின்றுவிடும், ஆயுசுக்கும் ராத்திரி ஒரு சொட்டு போடவேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே என் வியாபார புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆயுசுக்கும் வாங்கவேண்டிய சாமான் என்றால் யாருக்கு லாபம் என்று யோசித்தேன். மூடி திறந்து நாலு வாரத்தில் பாட்டிலைத் தூக்கிப் போடவேண்டுமாம், உள்ளே பாதி மருந்து தளும்பிக்கொண்டிருக்கிறது, இது சரக்கைத் தள்ளும் வித்தை, எனக்கேவா என்று நினைத்தேன். ஒரு பாட்டிலை நாலு மாதம், ஐந்து மாதம் ஓட்டினேன். போட்டாலும் பார்வையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, போடாவிட்டாலும் தெரியவில்லை, வித்தியாசமே காட்டாத சரக்கை யார் மதிப்பார்கள். அதோடு போட்ட மறுநாள் கண் செக்கச்செவேல் என்று இருக்கும், நூல் வாங்க வருகிற பெண்கள் எல்லாம் என்னக்கா அழுதீங்களா, வீட்டுல சண்டையா என்று கேட்பார்கள். ஊர் வாயில் விழுவதைவிட மருந்தை விட்டுவிடலாம் என்று விட்டேன். கண் உறுத்தினால் ஒரு சொட்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் பரிசோதனைக்குப் போவதற்கு முன்னால் மட்டும் மூன்று நாள் ஒழுங்காகப் போடுவேன். முத்திரை பார்க்க அதிகாரி வருகிறார் என்றால் சில கடைக்காரர்கள் அன்றைக்கு மட்டும் சரியான தராசை எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி. அவர்களைப் பற்றி நான் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். என் மீட்டர் கோல் ஒரு நாளும் ஒரு நூல் அளவு குறைந்ததில்லை என்று மார்தட்டியவள் நான். டாக்டரம்மா அளந்து பார்த்து அழுத்தம் பதினாறுதான், நல்லா இருக்கு என்பார், நான் பரீட்சையில் காப்பியடித்துத் தேறிய பிள்ளை மாதிரி வெளியே வருவேன். ஒரு கருவிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். பொத்தான் விற்றே பிழைத்தவளுக்கு அந்த ஒரு பொத்தானை நேர்மையாக அழுத்தத் தெரியவில்லை. புள்ளி எந்த இடைவெளியில் வருகிறது என்று தாளம் பிடித்துக்கொண்டு, தெரியாதபோதும் அழுத்தி வைத்தேன். அந்தக் கருவி என்னைவிடக் கெட்டிக்காரி. வெளிச்சமே காட்டாதப்பவும் அழுத்தியிருக்கீங்களேம்மா, தூக்கக் கலக்கமா என்று டாக்டரம்மா கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் ஒருமுறை சந்தேகம் வந்தது, வீடியோவில் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்தாம் நம்பர் பொடி ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்துக் காட்டினேன், நீ கைதட்டினாய். இந்த நோயில் நேராகப் பார்க்கும் பார்வை கடைசியில்தான் போகுமாம், ஓரம்தான் முதலில் போகும். நான் கோத்த ஊசி எதற்கும் சாட்சியில்லை.

ஓரம் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை, கூட இருந்தவர்களுக்குத் தெரிந்தது. இடது தோளில் எப்போதும் ஒரு கன்றிப்போன தடம் இருக்கும், கதவு நிலை என்ன உனக்குப் பங்காளியா, போகும்போதும் இடிக்கிறே வரும்போதும் இடிக்கிறே என்று அப்பா கிண்டல் செய்வார். நீங்க நடக்கிற நடைக்கு நீங்க என்னைச் சொல்றீங்களா என்று வாயை அடைத்துவிடுவேன். கடையில் மூன்று மாதமாகச் சாமான்கள் காணாமல் போயின. ஒரு சுருள் லேஸ், சாக்கட்டிப் பெட்டி, கொக்கி அட்டை. தேடித் தேடிப் பார்ப்பேன், இரண்டு நாள் கழித்து மேசைமேலேயே இருக்கும். என்னைத் தவிர கடையில் இருப்பது பட்டன் அக்கா ஒருத்திதான். எடுத்துவிட்டுப் பயந்துபோய்த் திருப்பி வைக்கிறாள் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வேலைக்கு வந்தவள் அவள், உன் பள்ளிச் சட்டையில் பொத்தான் அறுந்தால் கடை வாசலிலேயே நிற்கவைத்துத் தைத்துவிடுவாள், அந்தப் பெயரே நீ வைத்ததுதான். இதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த தெருவில் புதிதாகக் கடை போட்டவனோடு அவள் ஒரு நாள் நின்று பேசியதுதான் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் பெரிய கத்தரியைக் காணோம். கடை தொடங்கிய வாரம் வாங்கியதே, கைப்பிடியில் துணி சுற்றியிருக்குமே, அது. நெட்டை டெய்லர் நாலு மீட்டர் லைனிங் கேட்டு நின்றுகொண்டிருந்தார், அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் ஜிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையைத் தேடினேன், உள் அறையைத் தேடினேன், அலமாரி அடியில் குனிந்து பார்த்தேன். பட்டன் அக்கா கடைசி ஓரத்தில் ஏணிமேல் நின்று நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். இறங்கி வா, உன் பையை எடுத்து வா என்றேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை பாப்பா, என் குரலிலேயே புரிந்துகொண்டாள். பையை அவளே மேசைமேல் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மடக்குக் குடை, அப்புறம் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அது என் சொட்டு மருந்து வந்த காலிப் பெட்டி. என் மருந்தைக்கூட விட்டு வைக்கலையா நீ என்று கேட்டேன். அந்த வார்த்தையை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. அவள் பெட்டியைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டினாள். மருந்துக்கடையில காட்டிப் புதுசு வாங்கலாம்னு எடுத்து வச்சேன் அக்கா, டிராயர்ல இருக்கிற பாட்டிலை நீங்க பிரிச்சு அஞ்சு மாசமாகுது, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்றாள். நெட்டை டெய்லர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னக்கா, இவங்க பையில தேடுறீங்க, கத்தரி உங்க முழங்கையில இடிச்சுக்கிட்டுல்ல கிடக்குது என்றார். தலையை முழுசாகத் திருப்பினேன். இடது கைக்குப் பக்கத்தில், மேசைமேல், ஒளிவு மறைவில்லாமல் கிடந்தது. டெய்லருக்குத் தெரிந்திருக்கிறது, ஜிப் பார்க்க வந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, அந்தச் சின்னப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

பட்டன் அக்கா டப்பாவையும் சீப்பையும் குடையையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள், அந்தக் காலிப் பெட்டியை மட்டும் என் பக்கம் தள்ளினாள், இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. டெய்லர் லைனிங்கை மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார், மறுநாள் வரவில்லை.

புதன்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் டாக்டரம்மாவிடம் போனேன். முன்கூட்டி மூன்று நாள் மருந்து போடாமல் போனது அதுதான் முதல் தடவை. அளந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை அளந்தார். முப்பத்தொன்று. போன தடவையே அவர், மருந்து போட்டும் நரம்பு தேயுதே, எனக்கு இடிக்குதேம்மா, இப்படியே போனா ஆபரேஷன்தான் என்று சொல்லியிருந்தார், நான் உனக்கு அதையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று நாள் வித்தையையும் பொத்தான் வித்தையையும் சேர்த்து. உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அவருக்கு. கோபப்படவில்லை, பேனாவை மூடி வைத்தார். அப்ப ரெண்டு வருஷமா நான் உங்க பொய்க்கு வைத்தியம் பார்த்திருக்கேன், தேவையில்லாத ஒரு கத்தியை உங்க கண்ணுல வைக்கப் பார்த்திருக்கேன் என்றார். இடது கண்ணின் வரைபடத்தைக் காட்டினார், ஓரமெல்லாம் இஸ்திரிப்பெட்டி பட்டுக் கருகின துணி மாதிரி இருந்தது. போனது திரும்பாது, இருக்கிறது உங்க கையில இருக்கு என்றார். மூன்று மாதம் இரண்டு மருந்து, காலையும் ராத்திரியும், ஒரு வேளை தவறாமல் போட்டால் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று உண்மையாகத் தெரியும் என்றார். கடைசியில் ஒன்று கேட்டார் பாப்பா. உங்க பொண்ணு கண்ணைக் காட்டிட்டாங்களா என்று.

இது குடும்பத்தில் வரும் நோய், பெற்ற பிள்ளைகள் கண்டிப்பாகக் காட்டவேண்டும் என்று முதல் நாளே சொன்னார். உன் தாத்தா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவி நடந்தார், வயசாகிவிட்டது என்றோம், அதுவும் இதுவாகத்தான் இருந்திருக்கும். நான் உனக்குச் சொல்லவில்லை. என் பிள்ளைக்கு நான் படிப்பைக் கொடுத்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவளுக்கு, இதையும் கொடுத்திருக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாள் முழுக்கக் கட்டட வரைபடத்தைப் பார்த்துப் பிழைப்பவள் நீ. உன் கண்ணுக்கு நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் சொல்லாமல் இருந்தேன், யோசித்தவள் சொல்லியிருக்கத்தானே வேண்டும். பட்டன் அக்காவிடம் சொன்னது ஒரு நிமிட வார்த்தை, உன்னிடம் சொல்லாதது இரண்டு வருடம். எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போது இடது பக்கம் கைப்பிடிச் சுவர் இருப்பது தெரியாமல் இடித்துக்கொண்டேன், சத்தம் கேட்டு அவளே கதவைத் திறந்தாள். உள்ளே விட்டாள், நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. இனி காலையும் ராத்திரியும் மருந்து என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், மேலே பேசுவதற்குள் அழுகை வந்துவிட்டது. அக்கா அழாதீங்க, காலையில மருந்து போட்டிருப்பீங்க, எல்லாம் கரைஞ்சு போயிடும் என்றாள், அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். மன்னிச்சிடு என்றேன். அதை அப்புறம் பார்க்கலாம், எனக்குப் பேச்சு வேணாம், ஏற்பாடு வேணும், பத்தொன்பது வருஷமா நீங்க பேசுறதைக் கேட்டுட்டேன், பேச்சுல உங்களை யாராலயும் ஜெயிக்க முடியாது என்றாள். புதுக்கடைக்காரன் கூப்பிடுகிறானா என்று கேட்டேன். கூப்பிடுறாரு, போகலாம்னுதான் இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்ப்போம் என்றாள். என்னிடமே தொழில் கற்றவள், வேறு எப்படிப் பேசுவாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேரம் பேசவில்லை. அவள் சொன்ன முதல் காரியம் நேற்று முடிந்துவிட்டது, டெய்லர் கடைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே தைத்துக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால், நான் சொன்னது பொய், இவ கை சுத்தம், என் கண்ணுதான் கெட்டது என்று சொன்னேன். டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு, சரிக்கா விடுங்க விடுங்க என்றார். விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இந்தக் கடிதம் இரண்டாவது காரியம். உங்க மகளுக்கு நீங்களே சொல்லணும், போன்ல வேணாம், போன்ல நீங்க நழுவிடுவீங்க, எழுதுங்க, நானே தபால்ல போடுறேன் என்றாள். உறையை நான் ஒட்டித்தான் கொடுக்கப் போகிறேன், அவள் பிரித்துப் படிக்கமாட்டாளாம். என்னை நம்புகிறாள், பாரேன்.

நீ என்மேல் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் கோபத்தில் கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. போகும்போது அம்மாவுக்கு இருக்கிறது, தாத்தாவுக்கும் இருந்திருக்கும் என்று சொல், மறைக்காதே, அந்தக் கருவியில் வெளிச்சம் தெரியும்போது மட்டும் பொத்தானை அழுத்து. ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நீ என்னைப் போல முட்டாள் இல்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, அவரும் இதைப் படிக்கலாம். நீங்கள் இருவரும் கைநிறைய வேலையும் கண்நிறைய வெளிச்சமுமாக நல்லபடி இருக்கவேண்டும், அம்மாவுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

புதுக்கடைக்குப் போகாமல் அவள் நம் கடையிலேயே இருப்பதற்கு நாங்கள் பேசி முடித்த ஏற்பாடு இதுதான், நீயும் எழுதி வைத்துக்கொள். இனி யாருடைய பையையும் நான் தொடக்கூடாது. கடையில் என் இடது பக்க மேசையில் எதையும் வைக்கக்கூடாது, கத்தரிக்கு வலது பக்கம் ஒரு ஆணி. பாட்டில் பிரித்த தேதியை அதன்மேல் அவள் எழுதுவாள், நாலு வாரம் ஆனதும் பாதி மருந்து மிச்சமிருந்தாலும் என் கண் முன்னாலேயே குப்பையில் போடுவாள், நான் முணுமுணுக்கக்கூடாது. திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பதுக்குக் கடை திறந்ததும் ஒரு தடவை, ராத்திரி எட்டரைக்கு மூடும்போது ஒரு தடவை, அவள் கையால் சொட்டு விடுவாள், அப்பா விட்டால் கன்னத்துக்கும் காதுக்கும்தான் போகும். ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் நான் கண்ணை மூடி, மருந்து தொண்டைக்கு இறங்காமல் மூக்கோரம் விரலை அழுத்திக்கொண்டு, வாயையும் மூடி உட்காரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள், எனக்கும் வீடு இருக்கு அக்கா, அன்னைக்கு உங்க மக பார்த்துக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அதனால் ஞாயிறு இரண்டு வேளையும் நீ வீடியோவில் கூப்பிடவேண்டும், போட்டியாம்மா என்று கேட்கக்கூடாது, நான் தலையை அண்ணாந்து போடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். பதிலுக்கு, இந்த மாதம் முடிவதற்குள் உன் இரண்டு கண்ணின் அழுத்தமும் எத்தனை என்று எண்ணை எனக்கு எழுதி அனுப்பவேண்டும். ஆறு நாள் அவளுக்கு, ஞாயிறு உனக்கு. இதில் குறைக்கவோ தள்ளவோ இடமில்லை.

உன் அம்மா